மேசை போல ஒரு மலை

கேலர் ஓடை, கென்டக்கி
1997 மார்ச் 12

அன்புள்ள எஸ்டில்,

பெட்டி வந்து சேர்ந்தது. போர்வைகள், நோலாவின் நீலக் கம்பளிச் சட்டை, ரப்பர் பூட்ஸ், ஆப்பிள் ஜாம் எல்லாம் பத்திரமாக வந்தன. அனுப்பியவர் என்ற இடத்தில் உன் மனைவி நோலாவின் பெயர்தான் இருந்தது. ஆனால் என் முகவரியை எழுதியது உன் கை. ஊர்ப் பெயருக்குக் கீழே இரண்டு கோடு இழுக்கிற பழக்கம் நம் வீட்டில் உனக்கு மட்டும்தான். மூன்று வருஷத்தில் உன்னிடமிருந்து எனக்கு வந்த எழுத்து அவ்வளவுதான். போர்வைக்குச் சொல்கிற நன்றியோடு அதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நடந்ததை நோலா போனில் கேட்டாள். அழுகை வந்ததால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன், அவளுக்கும் படித்துக் காட்டு.

இரண்டு நாளாக மழை. ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். பின்பக்கத்து மலையில் லாரி இறங்குகிற மாதிரி சத்தம். ஞாயிற்றுக்கிழமை எந்த லாரி இறங்கும் என்று ஜன்னலைத் திறந்தேன். பால் ஊற்றிய காபி நிறத்தில் தண்ணீர், கல்லும் வேரும் உருட்டிக்கொண்டு வந்தது. கோழிக்கூண்டு முதலில் போனது. பிறகு முன்வாசல் படியும் கூரையும். நான் பையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் நான் ஓட்டுகிற ஸ்கூல் பஸ்ஸில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். மேட்டில் நிறுத்தியிருந்ததால் அது தப்பித்தது. என் சீட்டில் உட்கார்ந்து என் வீட்டுக்குள் சேறு நுழைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்புக் கதவு வரைக்கும் ஏறியது.

இனிமேல்தான் நான் உனக்குச் சொல்லவேண்டியது. மதியத்துக்குள் சுரங்கத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ஃபோர்மேன் பர்ல் ஹாஸ்கின்ஸ் மண் அள்ளுகிற கம்பெனி லோடரை அவனே ஓட்டிக்கொண்டு வந்தான். பக்கத்து வீட்டு ஹோபர்ட், லாம்பர்ட் சகோதரர்கள், டார்ல், கடையில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அத்தனை பேரும் மண்வெட்டியோடு நின்றார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அள்ளினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பீன்ஸும் சோளரொட்டியும் கொண்டுவந்தார்கள். ஹோபர்ட் முட்டி போட்டு என் அடுக்களைத் தரையைக் கழுவினான். "விடுடா, நான் பாத்துக்கறேன்" என்றேன். "நீங்க சும்மா இருங்க, வெர்லிக்கா. இந்தச் சேறு காஞ்சுபோனா சிமென்ட் மாதிரி ஆயிடும்" என்று மட்டும் சொன்னான்.

அந்த வாரமே பேப்பரில் அறிவிப்பு வந்தது. அடுத்த மலையில் தொடர்ந்து தோண்டக் கம்பெனி பர்மிட்டைப் புதுப்பிக்கக் கேட்டிருக்கிறது. கூடவே ஒரு திருத்தம். என் வீட்டுக்கு மேலே தோண்டி முடித்த மலையில் திரும்பக் காடு வளர்த்துக் கொடுப்பதாக முதலில் எழுதிக் கொடுத்தார்களே, அதை மாற்றி மேய்ச்சல் புல்லாக விட்டுவிடுகிறார்களாம். அரசாங்கம் ஒப்புக்கொண்டால், மலையைச் சரிசெய்து கொடுப்போம் என்று கட்டிய ஜாமீன் தொகையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு அந்த மலைக்குப் பொறுப்பு யாருமில்லை. அங்கே விழுகிற மழை மண்ணுக்குள் இறங்குவதே இல்லை, எஸ்டில். தகரக் கூரையில் விழுந்த மாதிரி நேரே என் வீட்டுக்கு வருகிறது.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஏப்ரல் பதினேழாம் தேதி, பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில். என் தரையைக் கழுவிக் கொடுத்தவர்களுக்கு எதிராக எழுந்து நின்று நான் என்ன பேசுவேன்? பேசாமல் உட்கார்ந்திருந்தால் அடுத்த மழைக்கு எங்கே போவேன்? கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

உன் அக்கா
வெர்லி


பெட்டிஸ், இந்தியானா
மார்ச் 20

வெர்லி அக்காவுக்கு,

பெட்டி அனுப்பியது நோலா. தபாலாபீஸ் நான் போகும் வழியில் இருக்கிறது, அவ்வளவுதான். நன்றியை அவளிடம் சொல்லிவிட்டேன்.

வீடு போகாமல் இருந்ததில் சந்தோஷம். உனக்கு ஒன்றும் ஆகாததில் அதைவிடச் சந்தோஷம்.

கூட்டத்தைப் பற்றி என்னிடம் கேட்காதே. மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ யாரிடமும் கேட்கவில்லை. சுரங்கத்து வெடியில் தெறித்த கல் ரோட்டில் விழுந்தது என்று எழுந்து பேசினாய். ஒரு கோடைகாலம் முழுக்கச் சுரங்கத்தை மூடினார்கள். திறந்தபோது என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. வீட்டை விற்றேன். நோலாவையும் கூட்டிக்கொண்டு, குன்று என்று ஒன்று கூட இல்லாத இந்த ஊருக்கு வந்தேன். நான் பேசுவதைக் கேட்டு இங்கே கடைக்காரன் இன்னமும் சிரிக்கிறான். அந்தக் கல் உன் பஸ் மேல் விழவில்லை, அக்கா. ரோட்டில்தான் விழுந்தது.

இங்கேயும் அதே வேலைதான். நிலக்கரி எடுத்து முடித்த இடத்தில் மண்ணைத் தள்ளி நிரவுகிறேன். புல்டோசர் புதுசு, சீட்டில் ஹீட்டர் இருக்கிறது.

கோழி எல்லாமே போய்விட்டதா?

எஸ்டில்


கேலர் ஓடை
ஏப்ரல் 1

அன்புள்ள எஸ்டில்,

ஒரு கோழி ஹோபர்ட்டின் வேலியில் தொங்கிக்கொண்டு பிழைத்தது. இப்போது அவன் வீட்டிலேயே இருக்கிறது, வரமாட்டேன் என்கிறது.

கல் பஸ் மேல் விழவில்லைதான். உன் கட்சி அது. பஸ்ஸில் இருந்த பிள்ளைகளின் தலையை எண்ணிப் பார்த்தவள் நான், என் கட்சி வேறு. இதில் நாம் இருவரும் சாகிற வரைக்கும் ஒத்துப்போகப் போவதில்லை. ஆனாலும் நீ பதில் போட்டாயே, அது போதும். கடிதத்தை அடுக்களை ஜன்னலில் செருகி வைத்திருக்கிறேன். சீட்டில் ஹீட்டர் இருக்கிற இடம்வரை படித்துவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

அரசாங்கச் சுரங்க ஆபீசிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்திருந்தாள். கோரின் டாக்கெட் என்று பெயர், பக்கத்து கவுண்டிக்காரி. அவளுடைய அப்பா சுரங்கத்தில் நுரையீரல் போய்ச் செத்தவராம். கூட வருகிறீர்களா என்று கேட்டாள். மலை ஏறினோம். எனக்கு மூச்சு வாங்கியது, அவள் மேலே போய் நின்று காத்திருந்தாள்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

அவள் கையில் ஒரு இரும்புக் கம்பி வைத்திருந்தாள். பல இடத்தில் குத்திப் பார்த்தாள். ஒரு சாண் கூட இறங்கவில்லை. உடம்பின் பாரம் முழுக்கக் கொடுத்து அழுத்தினாள், கம்பிதான் வளைந்தது. "இத யாரு நிரவுனாங்க? மேச மாதிரி இருக்கு. இவ்வளவு சுத்தமான வேலைய நான் வேற எங்கயும் பாத்ததில்ல" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. "என் தம்பி" என்றேன். அவள் முகம் கொஞ்சம் சங்கடப்பட்டது. "அவர் மேல குத்தம் இல்ல, அம்மா. அப்ப எல்லாரும் அப்படித்தான் கேட்டாங்க. ஆனா இவ்வளவு இறுகிப்போன மண்ணுல வேர் எறங்காது. தண்ணியும் எறங்காது" என்றாள்.

நட்ட பைன் கன்றுகளைக் காட்டினாள். நீ ஊரில் இருந்தபோது நட்டவை. என் முழங்கால் உயரம்கூட இல்லை. மஞ்சளாக, பாதி செத்து நிற்கின்றன. மரம் வரவில்லை என்பதால்தான் கம்பெனி புல் கேட்கிறது.

அவளால் பர்மிட்டைத் தடுக்க முடியாது, கொடுக்கவும் முடியாது. பார்த்ததை எழுதி மேலே அனுப்புவாள். அங்கே வாழ்கிறவர்கள் இன்னதுதான் வேண்டும் என்று கூட்டத்தில் தெளிவாகக் கேட்டால் அதற்கு ஒரு பலம் உண்டாம். நான் எதைக் கேட்பது? புதுப்பிக்கக் கூடாது என்று சொன்னால் அடுத்த மலையில் வேலை செய்கிற அத்தனை பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஹோபர்ட் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான்: "நீங்க பேசறத நான் தடுக்க மாட்டேன், வெர்லிக்கா. ஆனா என் வீட்டு அடுப்பு அந்த மலையிலதான் எரியுது."

கோபித்துக்கொள்ளாதே. வேலை சுத்தம் என்றுதான் அவள் முதலில் சொன்னாள்.

வெர்லி


பெட்டிஸ்
ஏப்ரல் 5

அக்காவுக்கு,

அந்த ஆபீசில் ஒருவராவது புல்டோசரில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்களா என்று அந்தப் பெண்ணிடம் கேள். மேசை மாதிரி இருக்கிறது என்றால், மேசை மாதிரி வேண்டும் என்று அவர்கள்தான் கேட்டார்கள். தலை அளவுக்கு ஒரு மண்கட்டி கிடந்தால் கூட அபராதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன ஆபீஸ் அது. அதே இடத்தின் மேல் ஐந்து முறை, ஆறு முறை ஓட்டினேன். பிளேடு போன இடத்தில் வரி கூடத் தெரியாது. பர்ல் ஊரெல்லாம் கூட்டி வந்து காட்டினான். இப்போது வந்து ஒரு கம்பியைக் குத்திப் பார்த்துவிட்டு வேர் இறங்காது என்கிறார்களா?

இதற்கு மேல் எழுதினால் கெட்ட வார்த்தைதான் வரும்.

ஏப்ரல் 9

மேலே உள்ளதைத் தபாலில் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

இங்கே வேலை செய்கிற இடத்தில் ஒரு மூலை இருக்கிறது. நான் வருவதற்கு முன்னால் மண்ணைக் கொட்டியபோது மழை பிடித்துக்கொண்டு, வண்டி உள்ளே போக முடியாமல் அப்படியே விட்டுவிட்டார்களாம். கொட்டிய குவியல் கொட்டியபடி கிடக்கிறது. பார்க்கச் சகிக்காது. அதில் ஓக் மரங்கள் நிற்கின்றன. என் தலைக்கு மேலே போய்விட்டன. ஒழுங்காக நிரவிய பக்கத்தில் அதே வருஷம் வைத்த ஓக் என் இடுப்பைத் தொடவில்லை.

ஒரு வருஷமாக அந்த மரங்களின் நிழலில் உட்கார்ந்துதான் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறேன், அக்கா. ஒரு நாளும் எனக்கு உறைக்கவில்லை. நேற்று சான்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தேன். வீட்டுக்கு வந்து நோலாவிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

சரி, கேட்டுக்கொள். சுரங்கத்தை மூடச் சொல்லாதே. புல் வேண்டாம், மரம்தான் வேண்டும் என்று மட்டும் கேட்டாலும் போதாது. திரும்பவும் அதே இறுக்கமான மண்ணில் நட்டுச் சாகவிடுவார்கள். மண்ணைக் கிழிக்கச் சொல். புல்டோசருக்குப் பின்னால் மாட்டுகிற பெரிய இரும்புக் கொக்கி இருக்கிறது. ஒரு ஆள் இடுப்பு ஆழத்துக்கு இறங்கும். அதை மாட்டி மலையைக் குறுக்காக உழவேண்டும், சரிவோடு கீழ்நோக்கி இல்லை. குறுக்காக என்பதை மறக்காதே, இல்லாவிட்டால் தண்ணீருக்கு நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பிறகுதான் நடவேண்டும். அதற்கு மிஷின் வேண்டும், ஆட்கள் வேண்டும். யாருக்கும் வேலை போகாது.

கூட்டத்துக்கு நான் வரமாட்டேன். அங்கே யார் முகத்தையும் பார்க்க எனக்கு மனசில்லை.

எஸ்டில்


கேலர் ஓடை
ஏப்ரல் 19

அன்புள்ள எஸ்டில்,

முதலில் நீ திட்டிவிடு. உன் பெயரைச் சொல்லிவிட்டேன். கூட்டத்தில், எல்லாருக்கும் முன்னால், உன்னைக் கேட்காமல்.

எப்படி என்று சொல்கிறேன். கூடம் நிறைந்திருந்தது. சுரங்கத்து ஆட்கள் வேலை உடையோடேயே வந்து பின்னால் நின்றார்கள். முன்னால் மேசையில் கோரின் டாக்கெட்டும் அவளுடைய மேலதிகாரியும். கம்பெனிக்காக லெக்ஸிங்டனிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தான். நல்ல மனுஷன்தான், நான் உட்கார நாற்காலி இழுத்துப் போட்டான். அவன் பேசியதும் நியாயமாகத்தான் இருந்தது. "மூணு தடவ கன்னு நட்டாச்சு. மூணு தடவயும் செத்துப்போச்சு. புல்லு வளருது. வளர்றத வளர விட வேண்டியதுதானே?" என்றான். எனக்கே தலையாட்டத் தோன்றியது.

பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்ததும் பர்ல் பின்னாலிருந்து கேட்டான்: "வெர்லிக்கா, போன தடவ நீங்க பேசினதுல நாங்க ஒரு கோடைகாலம் முழுக்க வீட்ல உக்காந்திருந்தோம். இன்னைக்கு என்ன கொண்டு வந்திருக்கீங்க?"

"நன்றி சொல்ல வந்திருக்கேன், பர்ல். மொதல்ல அத முடிச்சுக்கறேன்" என்றேன்.

எஸ்டில், நான் அப்படித் திட்டம் போட்டுப் போகவில்லை. எழுதி எடுத்துப் போன தாளில் அது இல்லை. ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்ததும் வேறு எதுவும் வாயில் வரவில்லை. ஒவ்வொருவராகப் பெயர் சொன்னேன். "ஹோபர்ட், என் அடுக்களத் தரையக் கழுவிக் குடுத்த. லாம்பர்ட் பசங்களா, என் கட்டிலத் தூக்கி வெயில்ல போட்டீங்க. டார்ல், என் அம்மா போட்டோவச் சேத்துலேர்ந்து எடுத்து உன் சட்டையாலயே தொடச்ச. பர்ல், நீ கம்பெனிய கேக்காமயே லோடர எடுத்துட்டு வந்தன்னு எனக்குத் தெரியும். அதுக்கே உனக்கு வேல போயிருக்கலாம்."

வக்கீல் எழுந்தான். "அம்மா, மன்னிச்சுக்குங்க, இது பர்மிட் பத்தின கூட்டம். நன்றி சொல்ற கூட்டம் இல்ல."

பின்னாலிருந்து டார்ல் கத்தினான்: "அவங்க சொல்லட்டும்யா! எங்க பேரத்தான சொல்றாங்க, உனக்கென்ன வலிக்குது?"

எல்லாரும் சிரித்தார்கள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என்னோடு சேர்ந்து சிரித்தார்கள்.

"உங்க எல்லாரையும் ஸ்கூலுக்கு ஓட்டிட்டுப் போனவ நான். யாரு மொதல் சீட்ல உக்காந்து வாந்தி எடுப்பீங்கன்னு எனக்குத் தெரியும், இங்க சொல்லல. சுரங்கத்த மூடச் சொல்லி நான் வரல. ஆனா அந்த மலையில மழத்தண்ணி உள்ள எறங்கணும். இல்லன்னா நீங்க வருஷா வருஷம் மம்பட்டி எடுத்துட்டு என் வீட்டுக்கு வரணும். எனக்கும் வயசாச்சு, உங்களுக்கும் முதுகு வலிக்கும்" என்றேன். மண்ணைக் கிழிக்கவேண்டும், குறுக்காகக் கிழிக்கவேண்டும், பிறகுதான் மரம் என்றேன்.

அப்போதுதான் யாரோ கேட்டான், யார் என்று பார்க்கவில்லை: "வெர்லிக்கா, அத வழிச்சு வச்சதே உங்க தம்பிதானே?"

எனக்குச் சுருக்கென்றது. "ஆமா. அவன்தான் கிழிக்கணும்னு சொல்றான்" என்றேன். சொன்ன பிறகுதான் உன்னைக் கேட்கவில்லையே என்று நினைவு வந்தது.

பர்ல் தொப்பியைக் கழற்றினான். "எஸ்டிலா சொன்னான்?"

"அவன் கைப்பட எழுதியிருக்கான்."

"அந்த மேட்டப் பாக்க மூணு கவுண்டிலேர்ந்து ஆள் வந்தாங்க. அவனே கிழிக்கச் சொல்றானா?" தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்தான். "அவன் சும்மா சொல்ற ஆள் இல்ல" என்றான்.

அதற்குப் பிறகு ஹோபர்ட் கேட்டான் பார், அதுதான் கூடத்தையே திருப்பிவிட்டது. "அதுல எத்தன பேருக்கு வேல வரும்?"

பர்ல் யோசித்தான். "ரெண்டு மிஷினு. இந்தக் கோட முழுக்க. அப்புறம் நடறதுக்கு ஆளு." வக்கீல் பர்லைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பர்லுக்கு என்ன ஆகுமோ என்று பயந்தேன். கோரின் டாக்கெட் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே இருந்தாள். என் பக்கம் ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. யார் பக்கமும் சாய்ந்த மாதிரி அவள் காட்டிக்கொள்ளக்கூடாதாம்.

முடிவு மே மாசம் தெரியும். என்னவாக இருந்தாலும் நீ எழுதிக் கொடுத்ததற்கு நன்றி. உன்னிடம் கேட்காமல் சொன்னதற்கு உன் வசவை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வெர்லி


பெட்டிஸ்
ஜூன் 2

அக்காவுக்கு,

திட்டத்தான் உட்கார்ந்தேன். நோலா, மறுபடியும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளப் போகிறீர்களா என்றாள். எழுந்து போய்விட்டேன்.

போன வாரம் பர்ல் போன் செய்தான். நீயும் கேள்விப்பட்டிருப்பாய். பர்மிட்டைப் புதுப்பித்துவிட்டார்கள். உன் வீட்டுக்கு மேலே இருக்கிற கிழக்குப் பக்கம் கிழித்து, மரம் நட்டு, அது பிழைத்து நிற்கிற வரைக்கும் ஜாமீன் தொகை திரும்பக் கிடையாது. மேற்குப் பக்கம் கம்பெனி கேட்டபடியே புல். அங்கே கீழே யாரும் குடியில்லை என்பதால் விட்டுவிட்டார்கள். முழுசும் கிடைக்கவில்லை என்று நீ வருத்தப்படுவாய். நான் பாதி கூடக் கிடைக்காது என்று நினைத்தேன்.

பர்லுக்கு மேலிடத்திலிருந்து நல்ல டோஸ் விழுந்ததாம். வேலை போகவில்லை.

அவன் எதற்குப் போன் செய்தான் என்றால், அந்தக் கொக்கியை மாட்டி அவ்வளவு சரிவில் குறுக்காக ஓட்டிப் பழகிய ஆள் அங்கே இல்லையாம். "நீதான் வழிச்ச, நீயே வந்து கிழி. அடியில எங்க பாறை இருக்கு, எங்க களிமண் இருக்குன்னு உனக்குத்தான் தெரியும்" என்றான். மூன்று வருஷத்துக்கு முன்னால் என்னைத் திரும்பக் கூப்பிடாத அதே குரல். போனை வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு கூட்டத்தில் நடந்ததைச் சொன்னான். உன் பெயரைச் சொன்னதும் ஒருத்தனும் சிரிக்கவில்லை எஸ்டில், என்றான்.

அது எனக்குத் தெரியாது, அக்கா. நான் போன பிறகு அங்கே என் பெயர் என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. அதைத் தெரியவைத்ததற்கு நன்றி. அடுத்த தடவை கேட்டுவிட்டுச் சொல்.

இங்கே கோடைக்கு லீவு கொடுத்தார்கள். ஜூன் கடைசியில் வருகிறேன். உன் பின்னறை காய்ந்துவிட்டதா? நோலா வரவில்லை. அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. அதோடு சமதரையில் சூரியன் சீக்கிரம் வருகிறதாம், மலைக்கு நடுவில் பத்து மணிவரை இருட்டில் உட்கார்ந்திருந்தது போதும் என்கிறாள். நாங்கள் ஊருக்குத் திரும்பி வரப்போவதில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீ எதையாவது மனசில் கட்டிக்கொள்ளாதே.

எஸ்டில்


கேலர் ஓடை
செப்டம்பர் 14

அன்புள்ள எஸ்டில்,

நீ போன பிறகு வீடு அமைதியாகிவிட்டது. உன் காபி டம்ளரைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய், கழுவிவிட்டேன்.

உன் முகத்துக்கு நேரே சொல்ல வராததை எழுதிவிடுகிறேன். முதல் நாள் நீ மேலே போய் எஞ்சினை ஓடவிட்டு, கொக்கியை இறக்காமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாய். நான் கீழே துணி காயப்போடுகிற மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உலர்ந்த துணியையே எடுத்து எடுத்துப் போட்டேன். பர்லும் லாரியில் சாய்ந்து நின்றான், உன்னை அவசரப்படுத்தவில்லை. பிறகு சத்தம் மாறியது. மலை கிழிகிற சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்டது. மத்தியானம் நீ சாப்பிட வந்து, "ரொட்டி நல்லா இருக்கு" என்றாய். நான் எதையும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது சரிதானே?

கல் விழுந்த பழைய கதையைக் கோடை முழுக்க நாம் எடுக்கவே இல்லை. அவரவர் கட்சி அவரவரிடம் பத்திரமாக இருக்கிறது.

மலையைப் பார்க்கப் பன்றிக்கூட்டம் புகுந்து கிளறின மாதிரி இருக்கிறது என்று சர்ச்சில் பேசிக்கொள்கிறார்கள். டார்லின் மனைவி, "முன்னாடி எவ்வளவு அழகா இருந்துச்சு" என்று என்னிடமே சொன்னாள். கோரின் டாக்கெட் வந்து கம்பியைக் குத்தினாள். கைப்பிடி வரைக்கும் போய்விட்டது. அவள் தடுமாறி விழப் பார்த்தாள். இரண்டு பேரும் மண்ணில் உட்கார்ந்து சிரித்தோம்.

ஒரு வருத்தமான சேதி. அடுத்த மலையில் நிலக்கரி நினைத்ததைவிட மெல்லிசாக இருந்ததாம். ஆகஸ்ட் கடைசியில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். ஹோபர்ட்டும் அதில் ஒருவன். "உங்களால இல்ல, வெர்லிக்கா" என்று அவனே வந்து சொன்னான். நான் கேட்பதற்கு முன்னால் வந்து சொன்னான், எஸ்டில். வசந்தத்தில் கன்று நடுகிற வேலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறான்.

நீ வந்ததற்கு நன்றி. நோலா உன்னை அனுப்பி வைத்ததற்கு அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், நீ பிரிக்காதே.

வெர்லி


பெட்டிஸ்
நவம்பர் 23

அக்காவுக்கு,

நோலாவுக்கு வந்த கடிதத்தை நான் பிரிக்கவில்லை. அவளே சத்தமாகப் படித்துக் காட்டினாள். துணி காயப்போட்ட கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

நீ கேட்காமல் விட்டது சரிதான். கேட்டிருந்தால் கிளம்பிப் போயிருப்பேன். ஆனால் இப்போது சொல்கிறேன். அவ்வளவு நேரம் வருத்தப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று நீ நினைத்திருப்பாய். வருத்தம் கொஞ்சம் இருந்தது. ஆனால் மேலேயிருந்து பார்த்தால் எவ்வளவு நல்ல வேலை, அக்கா. ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். பிறகு இறக்கினேன்.

இங்கே ஃபோர்மேனிடம் ஒரு சரிவைக் கடைசி ஓட்டு ஓட்டாமல் கொட்டியபடியே விடுகிறேன் என்றேன். எனக்கு வயதாகிவிட்டது, சோம்பேறித்தனம் வந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லித் திரிகிறான். ஓக் மரத்தடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். சாப்பாட்டுக்கு நல்ல நிழல் என்றான். இன்னும் ஒரு வருஷம் ஆகும் போலிருக்கிறது அவனுக்கு.

ஹோபர்ட்டுக்கு இங்கே ஒரு இடம் காலியாக இருக்கிறது. வருவானா என்று கேள். வந்தால் எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். உன் தரையைக் கழுவியவனுக்கு நான் ஒன்றும் செய்யவில்லையே.

எஸ்டில்


கேலர் ஓடை
1998 ஏப்ரல் 20

அன்புள்ள எஸ்டில்,

ஹோபர்ட் இந்த மாசக் கடைசியில் அங்கே வருகிறான். கன்று நடுகிற வேலை முடிந்த பிறகுதான் கிளம்புவேன் என்று பிடிவாதமாக இருந்தான். முடிந்தது. ஓக், ஆஷ், துலிப் பாப்லர், கொஞ்சம் வால்நட். மண்வெட்டியை ஒரு மிதி மிதித்தால் போகிறதாம். போன தடவை நட்டபோது கடப்பாரை வேண்டியிருந்தது என்றான். கோரின் டாக்கெட்டுக்கு இங்கிருந்து மாற்றலாகிவிட்டது, வேறு ஆள் வருவான். போகும்போது பத்து வருஷம் கழித்து வந்து பார்ப்பேன் என்றாள். நான் இருந்தால் காபி தருகிறேன் என்றேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்கில்லை.

வியாழக்கிழமை மழை பிடித்தது. வெள்ளி, சனி இரண்டு நாளும் விடவில்லை. போன வருஷத்து மழை மாதிரியே, சாய்வாக, ஜன்னலை அடித்துக்கொண்டு. பையில் துணியையும் மருந்தையும் எடுத்து வைத்துக்கொண்டு செருப்போடேயே படுத்திருந்தேன். பர்ல் போன் செய்து, "லோடர எடுத்துட்டு வரவா?" என்றான். "இரு, பாக்கலாம்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை தலை சீவிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மழைச்சத்தம் மட்டும் கேட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய் நின்றேன். ஓடையில் தண்ணீர் கொஞ்சம் ஏறி, கலங்கலாக, அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மலையிலிருந்து எதுவும் வரவில்லை. நனைந்துகொண்டே வெகுநேரம் நின்றேன். பிறகு சர்ச்சுக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே வந்துவிட்டேன்.

எதுவும் நடக்கவில்லை, எஸ்டில். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

உன் அக்கா
வெர்லி